பென்ஷன் இல்லாத இரண்டாவது ஆள்

எனக்குப் பெண் பேசிய தரகர் என் சம்பளத்தைப் பற்றிப் பொய் எதுவும் சொல்லவில்லை. மாதம் கைக்கு என்ன வருகிறதோ அதைச் சொன்னார். அதில் மூன்றில் ஒரு பங்கு ஓ.டி. என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மாமனார் பென்னாகரம் பக்கத்தில் ராகியும் நிலக்கடலையும் போட்டவர். வானம் பார்த்த பூமிக்காரருக்கு, மாதா மாதம் தவறாமல் வரும் பணத்தில் இது அடிப்படை, இது படி, இது ஓவர்டைம் என்றெல்லாம் பிரித்துப் பார்க்கத் தோன்றாது. “மாப்ள சர்க்கார் உத்தியோகம். ரிட்டையர் ஆனாலும் பாதி சம்பளம் வூடு தேடி வரும்” என்று சந்தைக்குச் சந்தை சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பாதி எதில் பாதி என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது மாமனாருக்கு மரியாதை இல்லை என்று நானும் இருந்துவிட்டேன்.

சர்க்கார் என்று அவர் சொன்னது ஒரு வாரியம். பெயரைப் போடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. போட்டால் பென்ஷன் நின்றுவிடுமாம். இராப்பகலாக மோட்டார் ஓடும் இடம், அவ்வளவு தெரிந்தால் போதும். மோட்டார் ஓடினால் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். ஓடாவிட்டால் இரண்டு ஆள் வேண்டும்: ஒருவர் ரிப்பேர் பார்க்க, இன்னொருவர் போனில் திட்டு வாங்க. இரண்டாவது வேலையில் நான் கைதேர்ந்தவன். ரிலீவர் வராமல் நாற்காலியை விட்டு எழுந்தால் மெமோ. ரிலீவர் வராததற்கு வழக்கமாக இரண்டே காரணங்கள்தான். ஒன்று, பாட்டி தவறிவிட்டார். இன்னொன்று, தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டது. பாட்டிகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தொப்பூருக்கு அது கிடையாது.

இப்படி எழுந்திருக்க முடியாமல் பார்க்கிற இரண்டாவது ஷிஃப்டுக்குத்தான் ஓ.டி. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றி வந்தது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ, வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. என் வீட்டம்மாவுக்குப் பிரிவு எண் தெரியாது. ‘டபுள்’ என்ற வார்த்தை தெரியும். ராத்திரி பத்து மணிக்கு நான் போன் செய்து “ரிலீவர் வரல” என்றால், மறுமுனையில் முதலில் ஒரு “ஐயோ பாவம்”, அடுத்த மூச்சில் “டபுள்தானே?”

ஓ.டி. பணம் சம்பளத்தோடு வராது. அதற்குத் தனி பில். ஜூனில் விழித்த ராத்திரிக்குச் செப்டம்பரில் பணம் வரும். நடுவில் ஆடிட்காரர் ஒருவர் லாக் புத்தகத்தைப் புரட்டி, பதினாலாம் தேதிக்கு நேரே பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டுவைப்பார். அதை அழிக்க நான் இரண்டு நாள் அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்கு ஓ.டி. இல்லை. ஆனாலும் அந்தப் பணத்தில்தான் வீடு எழும்பியது. கடைக்கால் ஓ.டி., சுவர் கூட்டுறவு லோன், கான்கிரீட் மறுபடியும் ஓ.டி. மாடிப்படிக்குக் கைப்பிடி இன்றுவரை கிடையாது. அந்த வருஷம் ரிலீவர்கள் எல்லாரும் ஒழுங்காக வேலைக்கு வந்துவிட்டார்கள்.

நான் 58இல் ஓய்வு பெற வேண்டியவன். 2020 மே மாதம், கொரோனாவுக்கு நடுவில், தமிழ்நாடு அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. 2021 பிப்ரவரியில் 60 ஆக்கியது. வாரியமும் பின்னாலேயே போனது. எனக்கு வழியனுப்பு விழா நடத்தக் காசு போட்ட சகாக்கள் இரண்டு தடவையும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை இவன் உண்மையாகவே போகிறான் என்று உறுதியானபோது, பேச்சில் இருந்த சுவர்க் கடிகாரம் சால்வையாகச் சுருங்கியிருந்தது.

இதற்கிடையில் வீட்டில் ஒரு பட்ஜெட் தயாராகிக்கொண்டிருந்தது. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம், என் வங்கிப் பாஸ்புக்கை வைத்து, வருஷம் பூராவும் வந்ததைக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அதைப் பாதியாக்கி வைத்திருந்தாள் வீட்டம்மா. அப்பனுக்குத் தப்பாத மகள். அந்தப் பாதிக்குள் மாடிப்படிக் கைப்பிடி, காசி யாத்திரை, பேரனுக்கு ஒரு சைக்கிள், மாதம் ஒரு சீட்டு எல்லாம் அடங்கியிருந்தன. நான் அந்தத் தாளைப் பார்த்தேன். அழகான கையெழுத்து. எதுவும் சொல்லவில்லை.

பென்ஷன் செக்ஷனில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி. அங்க அடையாளம் இரண்டு: வலது முழங்காலில் தழும்பு, இடது தோளில் மச்சம். கடைசியாகப் பெற்ற ஊதியம் என்று ஒரு கட்டம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் விழித்த ராத்திரிகளை எழுத ஒரு கட்டமும் இல்லை. என் தோள் மச்சத்துக்குக் கிடைத்த இடம் என் நைட் ஷிஃப்டுக்குக் கிடைக்கவில்லை.

கணக்கு இதுதான். 1978ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் உங்களைப் பார்த்துக் கேட்பது உங்கள் ஊதியம் என்ன என்று. ஊதியம் என்றால் அந்தப் பதவிக்கு என்று நிர்ணயித்த அடிப்படை ஊதியம். கடைசி மாதம் வாங்கியதையோ, கடைசி 10 மாதச் சராசரியையோ, எது உங்களுக்கு லாபமோ அதை எடுத்து, பாதியாக்கித் தருவார்கள். முழுப் பாதி வேண்டுமானால் 30 வருஷம் தகுதியுள்ள பணிக்காலம் இருக்க வேண்டும். வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி, ஓ.டி. எதுவும் இதற்குள் வராது. அகவிலைப்படியும் வராது; ஆனால் அது கெட்டிக்காரப் படி, பென்ஷன் முடிவானதும் அதன்மேல் தனியாக வந்து ஏறிக்கொள்ளும். ஓ.டி.க்கு அந்த சாமர்த்தியம் இல்லை.

அடிப்படை 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்ஷன் 30,000. மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக முன்பணமாக்கி வாங்கிக்கொண்டால் கையில் மாதம் 20,000. அகவிலைப்படி மட்டும் முழு 30,000க்கும் கணக்கிட்டு வரும். பிடித்த 10,000 பதினைந்து வருஷம் கழித்துத் திரும்பிச் சேரும். அந்தக் கடைசி 10 மாதம் நீங்கள் தினம் இரண்டு ஷிஃப்ட் பார்த்தீர்களா, மோட்டார் ரூமில் படுத்துத் தூங்கினீர்களா என்று விதி கேட்பதில்லை. இரண்டுக்கும் ஒரே 30,000. பணிக்காலத்திலும் அப்படித்தான். ஒரு நாளில் பதினாறு மணி நேரம் உட்கார்ந்தாலும் அது ஒரு நாள்தான்.

வீட்டில் சொன்னேன். காலண்டர் தாளை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள்.

“ஏங்க, அப்ப எங்கப்பாகிட்ட சொன்ன சம்பளம்?”

“அது தரகர் சொன்னது.”

“நீங்க பக்கத்துல உக்காந்து கேசரி சாப்ட்டுக்கிட்டு இருந்தீங்களே.”

இந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ரயில்காரர் வந்து சேர வேண்டுமா? மொரப்பூர் வழியாகக் காலமெல்லாம் கூட்ஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர். ரயில்வேயில் லோகோ பைலட், கார்டு இவர்களுக்கெல்லாம் ரன்னிங் ஸ்டாஃப் என்று பெயர். ஓடிய கிலோமீட்டருக்கு அலவன்ஸ் வாங்குகிறவர்கள். ஓய்வுக் காலக் கணக்கில் அந்த ஓட்டத்துக்கு ஈடாக அடிப்படை ஊதியத்தில் 55 சதவீதம் சேர்த்துக் கூட்டுகிறார்கள். அதே 60,000 என்றால் மேலே 33,000 சேர்ந்து 93,000; பென்ஷன் 46,500. இதை அவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே விளக்கினார். வீட்டம்மா அவரிடம் கேட்ட ஒரே கேள்வி: “அண்ணா, இவரும் ஓடுற மோட்டார்கிட்டதானே இருந்தாரு?”

“மோட்டார் ஓடுச்சு அம்மா. இவரு ஓடலியே.”

அன்றிலிருந்து அவருக்குக் காபியில் சர்க்கரை குறைவு.

ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு இந்தப் பேச்சு சிரிப்பாக இருந்தது. ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் ஓ.டி. பார்க்கிற பிள்ளை. அவன் வேலைக்குச் சேர்ந்த காலத்துச் சட்டங்களை ஒருநாள் பொறுமையாக எனக்கு விளக்கினான். ஈ.எஸ்.ஐ. பிடிக்கும்போது ஓ.டி.யும் சம்பளம், அதற்கும் சேர்த்துப் பிடித்தார்கள். வருமான வரிக்காரர்களுக்கும் அது சம்பளம்தான். ஆனால் 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தில், அடிப்படைச் சம்பளத்தோடு சேராதவை என்று ஒரு வரிசை இருந்தது. வீட்டு வாடகைப்படி, போனஸ், கமிஷன் இவற்றுக்கு நடுவில் ஓ.டி.யும் அதில் உட்கார்ந்திருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் ஊதியத்தின் இலக்கணத்துக்கு வெளியில்தான் அதன் இருப்பிடம். நம்மிடமிருந்து எடுக்கும்போது அது சம்பளம், நமக்குக் கொடுக்கும்போது அது வேறு என்னவோ.

“சேர்த்தாலும் என்ன மாமா ஆகப்போவுது” என்றான். 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000. 2014 செப்டம்பரில் 6,500இலிருந்து ஏற்றியது, அதோடு நிற்கிறது. கடைசி 60 மாதச் சராசரியைப் பணி செய்த வருஷங்களால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 35 வருஷம் உழைத்தால் 7,500. குறைந்தபட்சம் 1,000. இதைச் சொல்லிவிட்டு அவன் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனான். என் மகள் என்னைப் பார்த்தாள். பார்க்கிற பார்வை அப்படியே அம்மா.

எனக்கு ஆறுதல் அமெரிக்காவிலிருந்து வந்தது. தங்கை மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். நியூயார்க்கில் போலீஸ், தீயணைப்பு, ரயில் என்று பொது வேலை பார்ப்பவர்களின் பென்ஷன் கணக்கில் ஓ.டி.யும் சேருமாம். சேர்ந்தால் மனிதன் என்ன செய்வான்? கடைசி சில வருஷம் வீட்டுக்கே போகாமல் வேலை பார்த்துச் சராசரியைத் தூக்கிவிடுவான். தூக்கினார்கள். அதனால், 2012 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்தவர்களில் பலருக்கு இத்தனை டாலர் ஓ.டி. வரைதான் கணக்கு என்று உச்சவரம்பு வைத்தார்கள். தொடக்கத்தில் அது வருஷத்துக்கு 15,000 டாலர். கலிபோர்னியா இன்னும் கறார். 2013 ஜனவரி முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஓ.டி. பென்ஷன் கணக்கிலேயே வராது என்று சட்டம் போட்டுவிட்டது. பணக்கார தேசம் எத்தனையோ கோடி செலவழித்துக் கற்றுக்கொண்டதை, நம்மூர் விதி முதல் நாளே தெரிந்து வைத்திருந்தது.

யோசித்துப் பார்த்தால் விதி எழுதியவருக்கு என்னை நன்றாகவே தெரிந்திருக்கிறது. கடைசி 10 மாத ஓ.டி. பென்ஷனில் சேரும் என்று மட்டும் ஒரு வரி இருந்திருந்தால், நான் மோட்டார் ரூமை விட்டு வெளியே வந்திருப்பேனா? வீட்டம்மாவே பாயும் தலையணையும் களி உருண்டையும் கொடுத்து அனுப்பியிருப்பாள். என் ரிலீவருக்குப் பாட்டி இல்லாவிட்டால் நானே ஒரு பாட்டியை ஏற்பாடு செய்திருப்பேன். மத்திய சர்க்காருக்கும் இந்த சந்தேகம் இருந்திருக்க வேண்டும். 2018 ஜூனில் இயக்கப் பணியாளர், சட்டப்படி ஓ.டி. பெறும் தொழிற்பிரிவினர் தவிர மற்றவர்களுக்கு ஓ.டி.யை அடியோடு நிறுத்தியது. தொடர்ந்து பெறுகிற இயக்கப் பணியாளருக்கும் விகிதம் 1991இல் வைத்த அதே விகிதம். அந்தக் காசுக்கு ராத்திரி விழிப்பதை விடத் தூங்குவது ஆரோக்கியம்.

ஆனாலும் ஓர் இடம் உறுத்துகிறது. நான் பார்த்த ஓ.டி. எல்லாம் என் பேராசையா? தொப்பூர் லாரியைக் கழித்துவிட்டால் மீதி ராத்திரிகளுக்குக் காரணம் காலிப் பணியிடம். ஓய்வு பெற்றவர் இடத்தில் ஆள் போடவில்லை. போட்டால் அந்த ஆளுக்கு வருஷா வருஷம் இன்கிரிமென்ட், விடுப்பு, கிராஜுவிட்டி, பென்ஷன், அவருக்குப் பின் அவர் வீட்டுக்காரம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். எனக்கு டபுள் கொடுத்தாலும் அது அன்றோடு முடிந்தது. இரண்டு ஆள் வேலை நடந்தது. வாரியத்தின் பென்ஷன் கணக்கில் ஒரே ஆள். அந்த இரண்டாவது ஆளுக்குப் பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, சால்வைகூடக் கிடையாது. அவனும் நான்தான் என்பதால் அவனுக்காகச் சண்டை போடவும் ஆளில்லை.

இதைப் பெரிய தத்துவமாக வீட்டில் எடுத்துச் சொன்னேன். வீட்டம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். தருமபுரிப் புளி, கொட்டை எடுப்பதற்குள் விரல் கறுத்துவிடும். தலை நிமிரவில்லை.

“சரிங்க. நீங்க அங்க ரெண்டு ஆளு வேல பாத்தீங்க. அந்த நேரம் இங்க உங்க வேலய யாரு பாத்தா? ரேஷனுக்கு யாரு நின்னா? புள்ளைக்குக் காச்சல்னு ராத்திரி பெரியாஸ்பத்திரிக்கு யாரு தூக்கிக்கிட்டுப் போனா?”

“நீதான்.”

“எனக்கு டபுள் இருந்துச்சா?”

இரட்டிப்பு கிடக்கட்டும், அவளுக்கு அடிப்படையே கிடையாது. நான் புளியங்கொட்டை பொறுக்க உட்கார்ந்தேன்.

டவுனில் ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் எனக்கு நண்பர். டபுள் டூட்டி என்றால் என்ன என்று அவர் கால் நரம்புகளைப் பார்த்தாலே தெரியும். அவரிடம் என் குறையைச் சொல்லப் போனால் எனக்கே கூச்சமாகிவிடும். அரசுப் போக்குவரத்துக் கழக ஓய்வூதியர்களுக்கு அகவிலைப்படி உயர்வு வருஷக்கணக்கில் நின்று போய், 2024 ஜனவரியில் பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. “உனக்கு ஓ.டி. சேரலன்னு கவல. எனக்கு சேர வேண்டியதே சேரலப்பா” என்பார். டீக்குக் காசும் அவரே கொடுத்துவிடுவார். அதில் இன்னும் கூச்சம்.

பென்ஷனில் உண்மையிலேயே எடை கூட்டுகிறது எது தெரியுமா? ஒரு ராத்திரி. ஓ.டி. ராத்திரி அல்ல, ஜூன் 30க்கும் ஜூலை 1க்கும் நடுவில் உள்ள ராத்திரி. ஜூலை 1 அன்று இன்கிரிமென்ட் விழ வேண்டியவர் ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றால், ஒரு வருஷம் முழுக்க உழைத்த இன்கிரிமென்ட் அந்த ஒரு ராத்திரியில் போய்க்கொண்டிருந்தது. அய்யம்பெருமாள் என்ற மத்திய அரசு அதிகாரி இதற்காகவே வழக்காடினார். உழைத்த வருஷத்துக்கான இன்கிரிமென்ட்டைப் பென்ஷன் கணக்குக்காக மட்டும் சேர்க்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் சொன்னது. கர்நாடக மின் கழக ஊழியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2023இல் அதே வழிக்கு வந்தது. ஓய்வு எந்த மாதம் என்பதைப் பிறந்த தேதிதான் முடிவு செய்யும். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார், பிறந்த தேதி தெரியாது என்று என் அப்பா தலையைச் சொறிந்தபோது, தம் மனசுக்குத் தோன்றிய ஒரு தேதியை எழுதிவைத்தார். என் இரட்டை ஷிஃப்டுகள் அத்தனையையும் விட அந்த வாத்தியாரின் பேனாவுக்கு என் பென்ஷனில் பங்கு அதிகம்.

இப்போது வீட்டில் கணக்குப் பிள்ளை வீட்டம்மாதான். விதிகளை என்னை விட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். நான் இருக்கும்வரை 50 சதவீதம். நான் போனால் தொடக்கத்தில் கொஞ்ச காலம் கூடுதலாக வர வாய்ப்புண்டு. பிறகு குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். ஆக, இருக்கிற எனக்கும் இல்லாத எனக்கும் உள்ள வித்தியாசம் 20 சதவீதம். அவ்வளவாவது இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, 80 வயதானால் பென்ஷனில் 20 சதவீதம் கூடும் என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50. நூறு வயதானால் நூறு சதவீதம், அதாவது டபுள்.

காதுக்குப் பழகிய வார்த்தை ஆயிற்றே. மறுநாள் காலையிலிருந்து எனக்கு நெல்லிக்காய் ஜூஸ். உப்பு இல்லை, சர்க்கரை இல்லை. கூப்பிடு தூரத்தில் அதியமான்கோட்டை இருக்கிறது. ஆயுளை நீட்டிக்கும் நெல்லிக்கனி கையில் கிடைத்தும் அதை ஔவைக்குக் கொடுத்துவிட்ட மன்னனின் ஊர்க்காரன் நான். அதியமானுக்கென்ன, அவர் ஓய்வூதிய விதிகளைப் படித்திருக்க மாட்டார்.

புளிப்பில் பல் கூசி, ஒருநாள் தப்பிக்க வழி தேடினேன். “இதெல்லாம் எனக்கு எதுக்கு, நீ குடியேன்” என்றேன்.

“நான் குடிச்சு என்னாவப் போவுது? எனக்கென்ன ஏறப் போவுதா?”

குடும்ப ஓய்வூதியத்துக்கும் 80க்கு மேல் அதே விகிதத்தில் ஏறும் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் இருந்த காலண்டரில் தாள் ஒன்றைக் கிழித்தாள். அவளுக்கு 80 எந்த வருஷம் வருகிறது, அந்த வருஷம் நான் இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று இரண்டு பக்கமும் நிதானமாகப் போட்டு முடித்தாள். எந்தப் பக்கம் கூடுதல் என்று என்னிடம் காட்டவில்லை. சந்தையில் அரைக் கிலோ வாங்கிக்கொண்டிருந்த நெல்லிக்காய் மட்டும் அந்த வாரத்திலிருந்து ஒரு கிலோ ஆகிவிட்டது.